மொச்சை வேர் எப்போது வேலை பார்க்கும்?

நம் கூட்டங்களில் 'மரபணு' என்ற சொல் வந்தாலே முகங்கள் மாறிவிடும். பி.டி. பருத்தியும், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்த பி.டி. கத்தரியும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நியாயம்தான். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு நஷ்டமும் வந்து சேர்ந்திருக்கிறது. மரபணு என்றால் கம்பெனிக்காரன் விதைக்குள் திணிக்கிற ஏதோ ஒன்று என்று ஆகிப்போனது. உண்மையில் நம் காட்டில் நிற்கிற ஒவ்வொரு செடியிலும், மாட்டின் குடலிலும், ஒரு பிடி மண்ணிலும் மரபணுக்கள் இந்த நிமிஷமும் வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. சில திறந்திருக்கின்றன, பல மூடிக்கிடக்கின்றன. எது எப்போது திறக்கும், யார் மூடுவது என்று தெரிந்துகொள்வது நம் தொழிலுக்கு நேரடியாக வேண்டியது. பயறு வகை போடுகிறவர்களுக்கு அது பணக் கணக்கு.

நான் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் இரண்டரை ஏக்கர் காடு பார்க்கிறேன். முப்பத்துமூன்று வருஷம் வங்கியில் இருந்துவிட்டு மலையேறியவன். 1980-ல் தாவரவியல் பட்டம் வாங்கிய கையோடு வங்கித் தேர்வு எழுதி உள்ளே போனதால், படித்ததெல்லாம் லெட்ஜருக்கு அடியில் போய்விட்டது. அன்றைக்குப் பாடப் புத்தகத்தில் வேர்முடிச்சு அரைப் பக்கம். ஒரு படம், கீழே 'ரைசோபியம்' என்று பெயர், அவ்வளவுதான். இந்த நாற்பத்தைந்து வருஷத்தில் ஆய்வுக்கூடங்கள் அந்த அரைப் பக்கத்துக்குள் என்னென்ன கண்டுபிடித்திருக்கின்றன என்று இப்போது மழைக்காலத்தில் உட்கார்ந்து படிக்கிறபோது எனக்கே மலைப்பாக இருக்கிறது.

படிக்கத் தூண்டியது பக்கத்துக் காட்டுத் தம்பி. ரசாயனத்தை விட்டு மூன்றாவது வருஷம். ஆடியில் மொச்சை போட்டார். விதைப்புக்கு முன்னால் கீழே நாமக்கல்லிலிருந்து கோழி எரு ஒரு லோடு வரவழைத்துக் கொட்டினார். ரைசோபியம் பாக்கெட் வாங்கி, கஞ்சியில் கலந்து, முறையாக விதைநேர்த்தியும் செய்தார். நாற்பத்தைந்து நாளில் கொடி கருகருவென்று ஓடியது. என் காட்டு மொச்சை அதன் பக்கத்தில் நோஞ்சான் மாதிரி வெளிர்பச்சையாக நின்றது. கேழ்வரகுக்கு ஊடே போட்டது அது. எரு என்று தனியாக எதுவும் வைக்கவில்லை.

முடிச்சு பார்க்கலாம் என்று இரண்டு பக்கமும் ஆளுக்கு நாலு செடி மண்ணோடு தோண்டி வாளித் தண்ணீரில் அலசினோம். என் பக்கத்துச் செடியில் குண்டு குண்டாக முடிச்சுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. தம்பியின் செடியில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்ததும் சின்னது, உள்ளே வெள்ளை.

"பாக்கெட் டூப்ளிகேட் சார்," என்றார் உடனே. "யூரியா ஒரு பிடி போடலை. முழுக்க இயற்கைதான். அப்புறம் எப்படி முடிச்சு வராமப் போகும்? அடுத்த வருஷம் இந்த வம்பே வேண்டாம், மொத்தமும் குச்சிக்கிழங்கு நட்டுடறேன்."

பாக்கெட்டில் குறை இருந்திருக்கலாம்தான். ஆனால் அவர் காட்டில் நடந்ததற்கு அதைவிடப் பொருத்தமான காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல, செல்லுக்குள்ளே கொஞ்சம் போய்வர வேண்டும்.

புத்தகமும் ஊழியரும்

ஒரு செடியின் இலைச் செல்லில் இருக்கும் டி.என்.ஏ.தான் வேர்ச் செல்லிலும் இருக்கிறது. வங்கியில் தலைமை அலுவலகத்து விதிமுறைப் புத்தகம் எல்லாக் கிளைக்கும் ஒன்றுதான். பயிர்க்கடன் கொடுக்கிற கிளை ஒரு அத்தியாயத்தைப் புரட்டும், நகைக்கடன் கிளை வேறு அத்தியாயத்தைப் புரட்டும். மரபணு என்பது அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம். இன்ன புரதத்தை இன்ன மாதிரி கட்டு என்று அதில் எழுதியிருக்கும். பக்கம் தானாக எழுந்து எதுவும் செய்யாது. செல் அதை நகல் எடுத்து, அந்த நகலைப் பார்த்துப் புரதத்தைக் கட்டும். வேலை பார்க்கிற ஊழியர் புரதம்தான். செரிக்கிற நொதி ஒரு புரதம், சத்தை உள்ளே இழுக்கிற வாசல் ஒரு புரதம்.

இந்த ஊழியர்களில் ஒரு சாராரின் வேலையே, எந்தப் பக்கத்தைத் திறக்கலாம், எதை மூடிவைக்கலாம் என்று பார்ப்பது. ஒரு மரபணுவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு நகல் எடுக்க விடாமல் தடுப்பார்கள், அல்லது நகல் எடுப்பவரைக் கைபிடித்து அழைத்துவருவார்கள்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ. எடுத்துக்கொண்ட உயிர், மனிதக் குடலிலும் மாட்டுக் குடலிலும் வாழும் ஈ. கோலி பாக்டீரியா. அதற்குக் குளுக்கோஸும் பால் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் முதலில் குளுக்கோஸைத் தின்று தீர்க்கும். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அதற்குப் பிறகுதான் பால் சர்க்கரையில் கைவைக்கும். மோனோ 1940-களிலேயே இதைக் கவனித்திருந்தார். நடுவில் ஏன் அந்தச் சும்மா? பால் சர்க்கரையை உடைக்கும் நொதிக்கான மரபணுவின் மேல் ஒரு தடுப்புப் புரதம் உட்கார்ந்திருக்கிறது. பால் சர்க்கரை உள்ளே வந்தால் தடுப்புப் புரதம் எழுந்துவிடும். ஆனால் அது எழுந்தது மட்டும் போதாது. குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது என்ற சேதியோடு இன்னொரு புரதம் வந்து கைகொடுத்தால்தான் வேலை முழுவேகத்தில் நடக்கும்.

வங்கியில் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று காசாளரிடம். ஒருவர் மட்டும் வந்தால் திறக்காது. அதே ஏற்பாடுதான். இதில் தடுப்பு பற்றிய பகுதியை 1961-ல் அவர்கள் எழுதினார்கள். 1965-ல் ஆந்த்ரே லுவாஃபுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியா சிக்கனக்காரன்: கையில் சுலபமான சாப்பாடு இருக்கிறவரை கஷ்டமான சாப்பாட்டுக்குச் சமையலறையைத் திறக்க மாட்டான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மொச்சைக்கு வருகிறபோது வேண்டும்.

வேர் கொடுக்கும் குரல்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் இரண்டிரண்டு அணுக்களாக மூன்று பிணைப்பில் இறுகிப்போய் இருக்கிறது. யூரியாத் தொழிற்சாலை அதை உடைத்து அமோனியா ஆக்க 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடும், நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தமும் கொடுக்கிறது. ரைசோபியம் அதையே நம் காட்டு மண்ணின் சூட்டில் செய்கிறது, நைட்ரஜனேஸ் என்ற ஒரு நொதியை வைத்துக்கொண்டு. செலவு இல்லாமல் இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏ.டி.பி. ஆகும். ஏ.டி.பி. என்பது செல்லுக்குள் புழங்கும் ஆற்றல் நாணயம். அந்த நாணயத்துக்கு முதல் போடுவது செடி. இலை வெயிலில் நின்று சேர்த்த சர்க்கரையில் நல்ல பங்கு வேர்முடிச்சுக்கு இறங்குகிறது.

இவ்வளவு செலவாகிற ஒரு காரியத்தை எந்தச் செடியாவது கண்ணை மூடிக்கொண்டு தொடங்குமா? தொடங்காது. படிப்படியாகச் சரிபார்த்துத்தான் திறக்கிறது.

தழைச்சத்து போதவில்லை என்றால் பயறு வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருட்களை மண்ணில் கசியவிடுகிறது. பயறுக்குப் பயறு இது வேறு. 1986-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஷேரன் லாங்கின் குழு, குதிரைமசால் கசியவிடுவது லூட்டியோலின் என்று பிரித்துக் காட்டியது. மண்ணில் இருக்கும் ரைசோபியத்துக்குள் 'நாட்-டி' என்று ஒரு புரதம் காத்திருக்கிறது. தனக்குரிய ஃபிளேவனாய்டு கிடைத்ததும் அது பாக்டீரியாவின் சில மரபணுக்களைத் திறக்கிறது. அவை திறந்ததும் பாக்டீரியா பதிலுக்கு ஒரு பொருளைத் தயாரித்து வெளியே விடுகிறது. நண்டு ஓட்டிலும் பூச்சித் தோலிலும் இருக்கிற கைட்டினின் சின்னத் துண்டு ஒன்று, அதில் ஒரு கொழுப்பு வால். 'நாட் காரணி' என்பார்கள். பிரான்சில் துலூஸ் ஆய்வாளர்கள் 1990-ல் அதன் அமைப்பைக் கண்டார்கள்.

இந்த முதல் கட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சோயாவுக்கான பாக்கெட்டைக் கொண்டுபோய் உளுந்துக்குக் கலக்கக் கூடாது என்று வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொல்வது வியாபாரத் தந்திரம் அல்ல. வேர் கொடுக்கிற குரலை அடையாளம் தெரிகிற பாக்டீரியா வேண்டும். தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, துவரை, நிலக்கடலை, மொச்சை எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கூட்டத்தோடு ஒத்துப்போகும். சோயாவுக்கும் கொண்டைக்கடலைக்கும் தனித்தனி.

இனி செடியின் முறை. வேர்த்தூவியின் மேற்பரப்பில் நாட் காரணியை ஏந்திக்கொள்ள ஒரு ஜோடிப் புரதங்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஏந்தினால்தான் சேதி உள்ளே போகும், அதே இரண்டு சாவிக் கதை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2003-ல் அந்த ஜோடியை அடையாளம் கண்டார்கள். சேதி போனதும் வேர்த்தூவி செல்லின் உட்கருவைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், விட்டு விட்டுத் துடிக்கத் தொடங்குகிறது. தந்தி அடிக்கிற மாதிரி. அந்தத் துடிப்பைப் படிக்கிற புரதம் ஒன்று, அது தட்டி எழுப்புகிற புரதம் ஒன்று, கடைசியில் 'நின்' என்ற தலைமைப் புரதம். நின் வந்து உட்கார்ந்தால் முடிச்சு கட்டுவதற்கான மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே விடுகிறது. உள்ளே செல்கள் பிரிந்து பிரிந்து ஒரு குண்டு வளர்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி ஒன்று. கால்சியம் துடிப்பு வரையிலான இந்த வழி பயறுக்கு மட்டும் சொந்தம் அல்ல. வேரோடு சேர்ந்து வாழ்ந்து மணிச்சத்து கொண்டுவருகிற வேர்ப்பூசணம் இருக்கிறதே, அதை உள்ளே விடுவதற்கும் இதே வழிதான். நாற்பது கோடி வருஷத்துக்கு மேல் பழசு. நம் கேழ்வரகிலும் சாமையிலும் அது இருக்கிறது. பயறு அந்தப் பழைய வழியில் பிற்காலத்தில் ஒரு கிளை போட்டுக்கொண்டது. இதைப் பிடித்துக்கொண்டுதான் கேம்பிரிட்ஜை மையமாக வைத்து, தானியப் பயிரையே தழைச்சத்து பிடிக்கவைக்க முடியுமா என்று பெரிய ஆய்வு நடக்கிறது. நடக்கட்டும். அது வயலுக்கு வருகிறவரை கேழ்வரகுக்குப் பக்கத்தில் மொச்சையை நிறுத்துகிற வழி நம் கையில் இருக்கிறது.

இளஞ்சிவப்பு எதற்கு?

நைட்ரஜனேஸுக்கு ஒரு பெரிய பலவீனம், ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் அதற்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிக்கப் பாக்டீரியா மூச்சுவிட வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். இந்த இக்கட்டைச் செடி தீர்த்த விதம் அழகு. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குப் பங்காளி முறையில் ஒரு புரதத்தை முடிச்சுக்குள் நிறைய தயாரிக்கிறது. லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். ஜப்பானில் குபோ என்பவர் 1939-லேயே சோயா முடிச்சின் சிவப்பு இதனால்தான் என்று கண்டார். அது ஆக்சிஜனைக் கட்டிப்பிடித்து, பாக்டீரியாவுக்கு அளந்து அளந்து கொடுக்கும்.

முடிச்சுக்குள் ஆக்சிஜன் குறைந்ததைப் பாக்டீரியா எப்படித் தெரிந்துகொள்கிறது? அதற்கும் ஒரு புரதம் காவல். ஆக்சிஜன் இருக்கிறவரை அது பேசாமல் இருக்கும், குறைந்ததும் பக்கத்துப் புரதத்துக்குச் சேதி கொடுக்கும், அது நைட்ரஜனேஸ் மரபணுக்களைத் திறக்க ஏற்பாடு செய்யும். அதனால்தான் இளஞ்சிவப்பு நமக்கு நம்பகமான அடையாளம். வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு, அல்லது வேலை பார்க்காத முடிச்சு. பச்சையாகவோ பழுப்பாகவோ போய்விட்டால் வேலை முடிந்த கிழட்டு முடிச்சு. முடிச்சு எத்தனை என்று எண்ணுவதைவிட, கிள்ளி நிறம் பாருங்கள்.

வேலை பார்க்காமல் உட்கார்ந்து தின்கிற பாக்டீரியாவும் உண்டு. அதைச் செடி என்ன செய்யும்? 2003-ல் அமெரிக்காவில் டோபி கியர்ஸும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். சோயாவின் சில முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாக்டீரியா நினைத்தாலும் தழைச்சத்து பிடிக்க முடியாது. செடி அந்த முடிச்சுகளுக்குப் போகிற ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது. உள்ளே இருந்த பாக்டீரியா பெருகவில்லை. வாராக்கடன் கணக்குக்கு மேற்கொண்டு கடன் கிடையாது என்று நாங்கள் வங்கியில் செய்ததுதான். செடி எங்களைவிடக் கறார்.

போதும் என்று சொல்வது யார்?

முடிச்சு கட்டத் தொடங்கிய வேர், ஒரு சின்னப் புரதத் துணுக்கை மேலே அனுப்புகிறது. அது தண்டு வழியாக இலைக்குப் போகிறது. இலையில் அதை வாங்கிக்கொள்ள ஒரு புரதம். வாங்கிக்கொண்ட இலை, 'இவ்வளவு போதும், மேற்கொண்டு கட்டாதே' என்று வேருக்குத் திருப்பிச் சொல்லும். சம்பாதிப்பவர் இலை என்பதால் செலவுக்கு அனுமதி கொடுப்பதும் இலை.

இது தெரிந்த கதை சுவாரசியமானது. 1985-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் கிரெஸ்ஹாஃப் குழு, மரபணு மாற்றமடைந்த சோயாச் செடிகளில் சிலவற்றைக் கண்டது. அவை சாதாரணச் செடியைவிடப் பல மடங்கு முடிச்சு கட்டின. தழை உரம் கொடுத்தாலும் நிறுத்தவில்லை. ஆஹா, இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றும். ஆனால் அந்தச் செடிகள் குறுகிப்போய் நின்றன. சம்பாதித்த சர்க்கரையெல்லாம் முடிச்சுக்கே போனால் செடி எங்கே வளர்வது? ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். மாற்றமடைந்த செடியின் வேரில் சாதாரணத் தண்டை ஒட்டினால் முடிச்சு சாதாரணமாக வந்தது. சாதாரண வேரில் மாற்றமடைந்த தண்டை ஒட்டினால் முடிச்சு கட்டுமட்டில்லாமல் வந்தது. ஆக, பிரேக் வேரில் இல்லை, மேலே இருக்கிறது. அந்த பிரேக்குக்கான மரபணு 2003-ல் கிடைத்தது.

நம் நாட்டிலும் எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று உண்டு. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட்டில் நுண்ணுயிரியலாளராக இருந்த ஓம் ருபேலா, முடிச்சே கட்டாத கொண்டைக்கடலைச் செடிகள் இயற்கையிலேயே இருப்பதைக் கண்டார். முடிச்சு கட்டும் செடியோடு அதைப் பக்கத்தில் வைத்து வளர்த்தால், காற்றிலிருந்து வந்த தழைச்சத்து எவ்வளவு, மண்ணிலிருந்து வந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். அவர் பிற்காலத்தில் இயற்கை வேளாண்மைக்காகப் பேசியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. 2025 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தார். அதில் ஒன்று எம்.டி.யு. 1010 நெல்லில் 'டி.எஸ்.டி.' என்ற மரபணுவைத் திருத்தியது. வெளியிலிருந்து மரபணு எதையும் சேர்க்கவில்லை, ஆகவே பயமில்லை என்கிறார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த டி.எஸ்.டி. தயாரிக்கும் புரதம், மற்ற மரபணுக்களைத் திறந்து மூடுகிற மேற்பார்வைப் புரதங்களில் ஒன்று. இலைத்துளை, கதிரில் மணி எண்ணிக்கை என்று பல வேலைகள் அதோடு கோத்திருக்கின்றன. ஒரு மேற்பார்வையாளரை எடுத்துவிட்டால் அவர் கீழே இருந்த எல்லா மேசையிலும் மாற்றம் வரும். எந்தெந்த மேசையைப் பார்த்தீர்கள், எத்தனை போகம், எத்தனை மண்ணில் என்று கேட்க நமக்கு இந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். வெறுமனே 'விஷம், விஷம்' என்று கத்தினால் அவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம்.

கோழி எருவுக்கு வருவோம்

நைட்ரேட் வடிவில் தழைச்சத்து மண்ணில் தாராளமாக இருந்தால் பயறு என்ன செய்யும்? ஈ. கோலி குளுக்கோஸைக் கண்டதும் செய்ததைத்தான் செய்யும். வேர் நைட்ரேட்டைக் கண்டதும், அதுவரை செல்லின் வெளிக்கூடத்தில் நின்றிருந்த ஒரு வகைப் புரதங்கள் உட்கருவுக்குள் நுழைகின்றன. போய், முடிச்சு கட்ட உத்தரவு கொடுக்கிற அந்த நின் புரதத்தின் வேலையைத் தடுக்கின்றன. 2018-ல் வந்த ஆய்வு இது. ஏற்கெனவே கட்டிய முடிச்சின் கதி? 2024-ல் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அதையும் சொன்னார்கள். நைட்ரேட் ஏறினால் முடிச்சுக்குள் துத்தநாக அளவு இறங்குகிறது. துத்தநாகம் நிறைய இருந்தவரை ஒன்றோடொன்று கோத்து இழையாகக் கட்டுண்டு கிடந்த ஒரு புரதம் அப்போது விடுபடுகிறது. விடுபட்டு, முடிச்சைக் கலைக்கும் மரபணுக்களைத் திறக்கிறது. துத்தநாகத்தை நாம் நெல்லுக்குப் போடுகிற நுண்ணூட்டமாகத்தான் பார்த்தோம். செடி அதைச் சேதி சொல்லும் ஆளாகவும் வைத்திருக்கிறது.

இப்போது தம்பியின் காடு. தொழு எருவில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் உலர்ந்த கோழி எருவில் சுமார் 3 சதவீதம். அதிலும் பெரும்பகுதி, ஈர மண்ணில் சில வாரத்திலேயே அமோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாகிவிடும். மொச்சை முளைத்து முடிச்சுக்குத் தயாராகிற நேரமும் அதுதான். யூரியா போடவில்லை என்று தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் வேருக்குள் இருக்கிற புரதம், வந்த நைட்ரேட் தொழிற்சாலையிலிருந்து வந்ததா கோழியிடமிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. நம் அங்ககச் சான்றிதழை அதனிடம் காட்ட முடியாது.

இதை நம் ஆட்களிடம் சொன்னால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். 'எரு போடப் போட நல்லது' என்பது நம்மிடம் வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. கேழ்வரகுக்கு நல்லது, மிளகுக்கு நல்லது, கிழங்குக்கும் நல்லது. பயறுக்கு அப்படி அல்ல. பயறுக்கு வேண்டியது மணிச்சத்து, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மாலிப்டினம். நைட்ரஜனேஸின் நடுவில் இருப்பது இந்த இரண்டு உலோகங்கள்தான். மலைச் செம்மண்ணில் புளிப்பு அதிகம் என்றால் மாலிப்டினம் வேருக்குக் கிடைக்காமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மண் பரிசோதனையில் புளிப்பு என்று வந்தால் சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ அளவாகப் போடலாம். நான் சாம்பல் போடுகிறேன்.

என் காட்டில் முடிச்சு நன்றாக வந்ததற்கு என் சாமர்த்தியம் காரணம் அல்ல. கேழ்வரகுதான் காரணம். மண்ணில் வெளிப்படுகிற நைட்ரேட்டைக் கேழ்வரகின் சல்லிவேர் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகிறது. மொச்சை வேரைச் சுற்றி நைட்ரேட் தங்குவதில்லை. அதனால் மூடுகிற புரதங்களுக்கு வேலை வருவதில்லை, முடிச்சு மரபணுக்கள் திறந்தபடி இருக்கின்றன. டென்மார்க்கில் பார்லியோடு பட்டாணி கலந்து விதைத்துப் பார்த்தவர்கள் இதையே கண்டார்கள். தனியாக நின்ற பட்டாணியைவிட, பார்லியோடு நின்ற பட்டாணி தன் தழைச்சத்தில் அதிகப் பங்கைக் காற்றிலிருந்து எடுத்தது.

எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், கேழ்வரகுக் காட்டுக்குள் மொச்சை, துவரை எல்லாம் எதற்கு ஊடே போட்டீர்கள் என்று கேட்டேன். "தனியாப் போட்டா கொடி கொழுத்துப் போயிடும் சார், காய்க்காது. கேவுரு கூட இருந்தா அடங்கி இருக்கும்," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த 'அடங்கி இருக்கும்' என்ற சொல்லுக்குள் இருப்பதைத்தான் இத்தனை ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொரு புரதமாகப் பிரித்துப் பார்த்திருக்கின்றன. இந்த மலையில் கலப்புப் பயிர் குறைந்து, சேகோ ஆலைகளுக்குப் போகும் குச்சிக்கிழங்கு ஏறியது எல்லாருக்கும் தெரிந்த கதை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பாற்ற ஊர் ஊராக விதை வங்கி வைத்து வேலை பார்த்துவருகிறது. விதை தங்கியது பெரிய காரியம். அதோடு, எதை எதோடு சேர்த்து விதைப்பது என்ற கணக்கும் தங்க வேண்டும். தனிச் சாமை, தனிக் கேழ்வரகு என்று வரிசை கட்டினால் பாதிதான் கிடைத்தது.

இன்னொரு தப்புக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. மொச்சை பக்கத்தில் நின்றாலே கேழ்வரகுக்குத் தழைச்சத்து ஊற்றிக்கொடுத்துவிடும் என்பது. அந்தப் பருவத்திலேயே கைமாறுவது கொஞ்சம்தான். மொச்சை பிடித்த தழைச்சத்தில் பெரும்பகுதி அதன் இலையிலும் காயிலும் இருக்கிறது. காயைப் பறித்து விற்றுவிட்டு, கொடியை வேரோடு பிடுங்கி ஆட்டுக்குப் போட்டால் மண்ணுக்கு வரவு ரொம்பக் குறைவு. கொடியை அடியோடு அறுத்து வேரையும் முடிச்சையும் மண்ணிலேயே விடுங்கள், உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளாதீர்கள். ஆட்டுக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் அந்த எருவாவது அதே காட்டுக்குத் திரும்ப வேண்டும்.

45 கிலோ யூரியா மூட்டை, வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் நீங்கலாக 242 ரூபாய். அதில் தழைச்சத்து 20 கிலோ சொச்சம். இந்த விலைக்கு முன்னால் மொச்சை முடிச்சு போட்டி போட முடியாது என்று சிலர் சொல்வார்கள். அந்த விலை அரசு மானியத்தால் வந்தது. மொச்சைக்கு அந்த மானியம் கிடையாது. இந்த ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடு இல்லை.

தம்பியிடம் பாக்கெட்டைக் குறை சொல்ல வேண்டாம் என்றேன். அடுத்த ஆடிக்கு அவர் காட்டை மூன்றாகப் பிரிப்பதாகப் பேசியிருக்கிறோம். ஒரு பங்கில் கோழி எருவை மக்கவைத்துப் போட்டுக் கேழ்வரகு மட்டும். ஒரு பங்கில் எருவே இல்லாமல், சாம்பல் மட்டும் தூவி, கேழ்வரகோடு மொச்சை. மூன்றாவதில் அவர் ஆசைப்படி கிழங்கு. மூன்றிலும் நட்டது, விட்டது, வந்தது எல்லாம் நோட்டில் எழுதவேண்டும் என்பது என் நிபந்தனை. நாற்பத்தைந்தாம் நாள் மறுபடியும் வாளியும் மண்வெட்டியுமாகப் போவோம். முடிச்சைக் கிள்ளிப் பார்க்கிற வேலையைத் தன் மகளிடம் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாவது படிக்கிறாள். பாடப் புத்தகத்தில் ரைசோபியம் இப்போது எத்தனை பக்கம் என்று அவளிடம் கேட்டுவைத்திருக்கிறேன்.